தாழும் பூமியின் கணக்கு

நிலக்கரியை எடுத்த இடத்தில் வெற்றிடம் மிஞ்சும் என்பதும், அந்த வெற்றிடத்தை மேலேயிருக்கும் பாறை என்றைக்காவது ஒருநாள் இறங்கி நிரப்பும் என்பதும் சுரங்க சாஸ்திரத்தின் பாலபாடம். ஆயினும், ஜார்க்கண்டின் தன்பாத் ஜில்லாவைச் சேர்ந்த ஜரியாவில் அந்தப் பாறையின் மேல் வீடு கட்டிக் குடியிருக்கும் ஜனங்களுக்கு, தங்கள் பூமி சென்ற மாதம் எவ்வளவு தாழ்ந்தது என்ற சமாசாரம் சுவரில் விரிசல் கண்ட பிறகே தெரியவருகிறது.

ஜரியாவின் பூமிக்கடியில் நெருப்பு முதலில் கண்டறியப்பட்டது 1916-இல். கரியையே தூண்களாக நிறுத்திவிட்டு இடைப்பட்டதை வெட்டியெடுப்பது அக்காலத்துத் தனியார் முதலாளிகளின் வழக்கம். பிற்பாடு அந்தத் தூண்களையும் அரித்தெடுப்பதில் காட்டிய ஊக்கத்தை, ஆற்று மணலை நீரோடு கலந்து குழாய்வழியே செலுத்தி வெற்றிடத்தை நிரப்பும் செலவில் அவர்கள் காட்டவில்லை. எஞ்சிய தூண்களை நெருப்பு தின்றது. 1970-களின் தொடக்கத்தில் சர்க்கார் இச்சுரங்கங்களைத் தேசியமயமாக்கிய காலத்தில், கைக்கு வந்த பழைய கோலியரிகள் பலவற்றுக்கு நம்பத்தகுந்த வரைபடமே இல்லை. கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டுமென்று பிரிட்டன் 1872-லேயே சட்டம் செய்துவிட்டது என்பதையும், இன்று அந்நாட்டின் சுரங்கப் பிரதேசங்களில் வீடு வாங்குகிறவர் அடியிலுள்ள பழஞ்சுரங்கத்தைப் பற்றிய அறிக்கையைப் பார்த்த பின்னரே கையெழுத்திடுவது வழக்கமென்பதையும் இங்கே நினைத்துப் பார்ப்பது நலம்.

அளக்கும் வித்தை நம்மிடம் இல்லாமலில்லை. தரையில் கற்களை நட்டு, சர்வேயர் மட்டக்கருவியோடு மீண்டும் மீண்டும் போய் உயரம் பார்க்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. ஒரே இடத்தை ஆகாயத்திலிருந்து ரேடார் அலைகளால் இருமுறை படமெடுத்து, அலைகளின் கட்ட வேறுபாட்டைக் கொண்டு நிலம் தாழ்ந்த அளவைச் சென்டிமீட்டருக்கும் நுட்பமாகச் சொல்லும் முறையை, ஐரோப்பியர் 2014 முதல் அனுப்பிவரும் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் எளிதாக்கின. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோள், சுமார் 24 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையையும் கையாளுவதால், புதரும் பயிரும் மூடிய நிலத்தையும் ஓரளவு ஊடுருவிப் பார்க்கவல்லது. பன்னிரண்டு நாளைக்கொருமுறை அதே வழியில் திரும்பிவருவது.

ஆனால் ஆகாயத்துக் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்ற பிரமை அபாயகரமானது. ஆழத்தில் விசாலமாக வெட்டப்பட்ட சுரங்கத்தின் மேல் நிலம் அகன்ற தட்டுப்போல மெதுவாக அமிழ்வதைக் கோள் கண்டுபிடிக்கும். ஆழமற்ற பழஞ்சுரங்கத்தின் கூரை சரிந்து, ஒரு முற்றமோ ஒரு குடிசையோ நொடியில் உள்ளே போய்விடும் பள்ளத்தை முன்கூட்டிச் சொல்ல அதனால் பெரும்பாலும் இயலாது. இரு பார்வைகளுக்கிடையில் நிலம் மிகையாக இறங்கிவிட்டாலோ, அலையின் கணக்கே குழம்பிவிடும். ஜரியாவில் உயிர்களை விழுங்கியவை இத்தகைய திடீர்ப் பள்ளங்களே. அவற்றுக்குப் பரிகாரம், பழைய வரைபடங்களைத் தேடித் தொகுப்பதும், சந்தேகத்துக்குரிய இடங்களைத் துளையிட்டுச் சோதிப்பதும், மணலிட்டு நிரப்புவதுமாகிய தரைவேலைதான். கோளின் வண்ணப்படத்தை மேஜைமேல் விரித்துக் காட்டிவிட்டு இவ்வேலையைத் தள்ளிப்போடுவது, என் அபிப்பிராயத்தில், அளக்காமலிருப்பதைக் காட்டிலும் மோசமானது.

ஜரியா ஜனங்களை வேறிடத்தில் குடியேற்றுவதற்கான பெருந்திட்டம் 2009-இல் அங்கீகாரம் பெற்றது. பெல்கடியாவில் வீடுகள் எழுந்தும், பிழைப்பு ஜரியாவிலேயே இருந்தமையால் பலர் போக மறுத்தார்கள். 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாய்ச் செலவில் திருத்திய திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை சம்மதமளித்திருக்கிறது. எந்தத் தெரு முதலில் காலி செய்யப்படவேண்டும் என்று உத்தியோகஸ்தர் தீர்மானிக்க ஆதாரமாயிருக்கும் அளவுகள், அந்தத் தெருவாசிகளுக்கு ஹிந்தியிலும் வங்காளியிலும் சந்தாலியிலும் மாதந்தோறும் பகிரங்கமாக அறிவிக்கப்படவேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது.

பீதி பரவும், நஷ்டஈட்டு வழக்குகள் பெருகும் என்று ஆட்சேபிப்பார் உண்டு. காலடியில் புகை எழுவதைப் பார்த்தபடியே சமைத்துண்டு வாழ்கிற ஜனங்களுக்கு ஓர் அளவைக் கணக்கினால் புதிதாக உண்டாகக்கூடிய பீதி எதுவென்று எனக்கு விளங்கவில்லை. வழக்குகள் பெருகினால் பெருகட்டும். நிலத்துக்குப் பத்திரமில்லாமலே பல காலமாக அங்கே குடியிருப்போர் அநேகர். தம் வீடு விரிசல் கண்டது சுவரின் பழமையாலல்ல, பூமி தாழ்ந்ததாலேயே என்று மெய்ப்பிக்க அவர்களுக்கு, தேதியிட்ட அந்த அளவுக் குறிப்பை விட்டால் வேறு சாட்சி ஏது?