ஆமைக்கு எது விருந்து?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஒரு பழமொழி உண்டு. அமீனா என்றால் ஜப்தி செய்ய வரும் கோர்ட்டுச் சேவகர். அவர் வந்தால் வீடு கெடும். சரி. ஆமை வந்தால் வீடு கெடுமா?

கெடாது. கெடுவது வீடு அல்ல, ஆமைதான்!

ஆமையை ஆசையாகக் கொண்டு வருகிறார்கள். சோறு வைக்கிறார்கள். கிண்ணத்தில் பால் ஊற்றுகிறார்கள். குழந்தை தன் பிஸ்கட்டில் பாதியைப் பிட்டுக் கொடுக்கிறது. ஆமையும் தின்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், அந்த அன்பே ஆமைக்கு எமனாகி விடுகிறது.

ஆமைக்கு ஆகாரம் கொடுப்பதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. நமக்குப் பிடித்ததைக் கொடுக்கக் கூடாது. வெளியில் திரியும்போது அது எதைத் தேடித் தின்னுமோ, அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கிழ ஆமை ஜோனதன்

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. தென் அட்லாண்டிக் கடலில் செயின்ட் ஹெலினா என்று ஒரு தீவு. நெப்போலியன் சிறை இருந்து, 1821-ல் உயிர் விட்ட தீவு அது. 1882-ல் அங்கே ஒரு ராட்சத ஆமையைக் கொண்டு வந்தார்கள். அதன் சொந்த ஊர் சீஷெல்ஸ் தீவுகள். கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் விட்டார்கள். ஜோனதன் என்று பெயர் வைத்தார்கள்.

வந்தபோதே அது நன்றாக வளர்ந்த ஆமை. அதை வைத்து, 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். உலகில் இதுவரை அதிக வயது வாழ்ந்த ஆமை இதுவே என்று 2022-ல் கின்னஸ் புத்தகத்தார் அறிவித்தார்கள்.

முதுமை வந்தது. ஜோனதனுக்குக் கண் தெரியவில்லை. மோப்பமும் போய்விட்டது. நல்ல புல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், குச்சியையும் சருகையும் கடித்தது. உடல் மெலிந்தது. புல்லை வெட்டித் தின்ன வேண்டிய அலகு மழுங்கிப் போயிற்று.

மிருக வைத்தியர் ஜோ ஹாலின்ஸ் ஒரு வழி செய்தார். வாரத்துக்கு ஒரு முறை, காரட், முட்டைக்கோஸ், வெள்ளரி, ஆப்பிள், வாழைப்பழம் போன்றவற்றைக் கையாலேயே ஊட்டினார். அலகு மறுபடியும் கூர்மையாயிற்று. உடல் தேறியது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பழமும் காயும் வாரத்துக்கு ஒரு முறைதான். அதுவும் கண் போன கிழ ஆமைக்கு மருந்து போல. மற்ற நாளெல்லாம் அது மேய்ந்தது புல்வெளியில்தான்!

தினசரி ஆகாரம்

புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் வாழும் நில ஆமைகளுக்குப் புல்லும் தழையுமே சோறு. அருகம்புல், காய்ந்த புல், செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ, முசுக்கட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி - இவை எல்லாம் நல்லவை. பூச்சி மருந்து அடித்த தழையை மட்டும் கொடுக்கக் கூடாது.

ஒரே கீரையைத் தினமும் போடுவதும் தவறு. பசலைக் கீரை நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், அதில் உள்ள ஒரு சத்து சுண்ணாம்புச் சத்தை உடலில் சேர விடாது. எப்போதாவது கொடுக்கலாம். முட்டைக்கோசும் அப்படியே. வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் வயிறு நிறையும், வலு வராது.

ஆமையின் ஓடு வெறும் மூடி அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து வளர்ந்ததே அந்த ஓடு. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். அதற்குக் கணவாய் மீனின் ஓட்டைப் போட்டு வைக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆமை அதைக் கொறிக்கும். தின்ற சுண்ணாம்பு உடலில் ஒட்ட வெயிலும் வேண்டும். பக்கத்தில் நிழலும், தட்டையான பாத்திரத்தில் தண்ணீரும் வேண்டும்.

பழம் பலகாரம் போல

பழத்தைக் கண்டால் ஆமை ஓடி வரும். அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். உடனே இன்னொரு துண்டு, மறுநாள் இன்னும் இரண்டு துண்டு! அங்கேதான் ஆபத்து.

ஆமையின் குடலில் புல்லைப் புளிக்க வைத்து ஜீரணிக்க உதவும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சர்க்கரை அதிகமானால் அந்த ஏற்பாடு குலையும். வயிறு கெடும். ஆகவே பழம் என்பது தீபாவளிப் பலகாரம் மாதிரி. என்றைக்காவது ஒரு சிறு துண்டு போதும். இயல்பிலேயே பழம் அதிகம் தின்னும் காட்டு ஆமை இனங்களும் உண்டு. எந்த இனம் என்று தெரிந்து கொள்வது முதல் வேலை.

சோறு, ரொட்டி, பிஸ்கட், பால், இறைச்சி, நாய்த் தீனி - இவற்றை அறவே தவிர்க்க வேண்டும். அரளியும் ஊமத்தையும் விஷம். அவை ஆமை நடமாடும் இடத்தில் இருக்கவே கூடாது.

"கொடுத்தால் தின்கிறதே!" என்று சிலர் வாதாடுவார்கள். குழந்தையும்தான் மிட்டாயை விரும்பித் தின்கிறது. அதற்காக மூன்று வேளையும் மிட்டாய் போடுவார்களா? நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றே தெரியும். ஆமை மெல்ல நடப்பது போல, அதன் நோயும் மெல்லத்தான் நடக்கும். வெளியே தெரியும்போது பல மாதங்கள் ஓடியிருக்கும்.

வீட்டில் வைக்கக் கூடாத ஆமை

முதுகில் நட்சத்திரம் போல மஞ்சள் கோடு போட்ட ஆமை தென்னாட்டிலும் இலங்கையிலும் உண்டு. அது வந்தால் அதிர்ஷ்டம் என்று நம்பிச் சிலர் ரகசியமாக வாங்குகிறார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைப்பதும் குற்றம். காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு விற்கவும் 2019-ல் சர்வதேச அளவில் தடை வந்துவிட்டது. வெளிநாட்டு ஆமைகளிலும் பலவற்றை வளர்க்க அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நட்சத்திர ஆமையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். புண்ணியம் என்று நினைத்துக் கிணற்றிலோ குளத்திலோ விடக் கூடாது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. மூழ்கிச் செத்துப் போகும்!

வாய் இல்லாத ஜீவன் என்று ஆமைக்கு இரங்குகிறவர்கள் உண்டு. இரக்கம் நல்லதுதான். அந்த இரக்கத்தைப் பிஸ்கட்டாகக் கொடுக்காமல், ஒரு பிடி அருகம்புல்லாகக் கொடுக்கட்டும். ஆமைக்கு அதுதான் விருந்து.