ஆயிரத்தில் ஏழு

சென்ற மாதம் ஒரு நண்பர், பத்திரிகைத் துணுக்கு ஒன்றைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவருடைய மனைவிக்கு மார்பில் புற்றுநோய். கீமோதெரபிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. துணுக்கின் தலைப்பு: "புற்றுநோயை மட்டும் தேடிக் கொல்லும் நானோ துகள்!" ஆச்சரியக் குறியோடுதான்.

"கொஞ்ச காலம் பொறுத்தால் இது வந்துவிடும் போலிருக்கிறதே? அதுவரை இந்த விஷ மருந்தை ஏற்றாமல் தள்ளிப் போட்டால் என்ன?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மீது அல்ல. அந்த ஆச்சரியக் குறியின் மீது.

நானும் பொய் எழுதிப் பிழைக்கிறவன்தான். சாகக் கிடந்த கதாநாயகியைக் கடைசி அத்தியாயத்தில் எழுந்து உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு எந்த வாசகியும் டாக்டரிடம் போவதை நிறுத்தியதில்லை. கதை என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்வது என் தொழில். செய்தி என்று சொல்லிவிட்டுக் கதை விடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தத் துகளின் சமாசாரம்தான் என்ன? 1976-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் லாங்கர், ஜூடா ஃபோக்மன் என்ற இருவர், பெரிய மூலக்கூறுகளையும் பாலிமருக்குள் அடைத்துச் சிறிது சிறிதாக வெளிவரச் செய்யலாம் என்று காட்டினார்கள். உடம்பிலேயே கரைந்து போகும் பாலிமர்களும் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தன. ஆபரேஷனில் தைத்த நூல் பிரிக்காமலே கரைந்துவிடுகிறதல்லவா? ஏறக்குறைய அதே சரக்குதான். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கோத்த சங்கிலி. உடம்பின் நீர் பட்டு அறுந்து, முடிவில் கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போய்விடும். அதைத் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துகளாக்கி, உள்ளே மருந்தை வைத்து, ரத்தத்தில் விடுகிறார்கள். புற்றுக் கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக் குழாய்களில் ஓட்டை அதிகம்; அதன் வழியே துகள் கசிந்து கட்டியில் தங்கிவிடும். 1986-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மட்சுமுராவும் மயேதாவும் போட்ட கணக்கு இது.

நல்ல கணக்குதான். எலிகளிடம் பலன் தெரிந்தது. ஆனால் 2016-ல் டொராண்டோ பல்கலைக் கழகத்தார், அதற்கு முந்திய பத்தாண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். மிருகங்களுக்கு ஏற்றிய துகள்களில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு! ஆச்சரியக் குறி போட வேண்டிய இடம் இதுதான். கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே ஏராளமான துகள்களைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. சாதாரணமாக ஏற்றும் மருந்தும் முழுவதும் கட்டிக்குப் போவதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அது "மட்டும்" என்று ஜம்பம் அடித்துக்கொள்வதில்லை.

லாங்கரும் சேர்ந்து தொடங்கிய பைண்ட் தெரப்யூடிக்ஸ் கம்பெனி, டோசிடாக்செல் என்ற மருந்தை இப்படிப்பட்ட துகளில் அடைத்து, புற்றணுவைக் கண்டு ஒட்டிக்கொள்ள முகவரிச் சீட்டு மாதிரி ஒன்றையும் பொருத்தி, மனிதர்களிடம் சோதித்து வந்தது. அதே 2016-ல் திவால் மனுக் கொடுத்தது. தொடக்கத்தில் கொட்டிய மேளம் கேட்டவர்களில் எத்தனை பேர் காதில் இது விழுந்தது?

"அப்படியானால் எல்லாம் மோசடி" என்று கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்துதான் ஏற்றி வந்தார்கள். சிலருக்கு அந்தக் கரைப்பானே ஒவ்வாமல் மூச்சுத் திணறும். 2007-ல் தென் கொரியாவில் அனுமதி பெற்ற ஜெனெக்ஸால்-பி.எம்., மருந்தைக் கரையும் பாலிமர் துகளில் பொதிந்து அந்தக் கரைப்பானை ஒழித்தது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளியாடெல், துகள்கூட அல்ல, வில்லை. மூளைக் கட்டியை அறுத்தெடுத்த குழியில் சர்ஜன் வைத்துவிடுகிறார். பாலிமர் கரையக் கரைய மருந்து அங்கேயே இறங்குகிறது. 1995-ல் வெளியான சோதனையில், புற்று மறுபடி வந்தவர்களின் இடைநிலை ஆயுள் 23 வாரத்திலிருந்து 31 வாரமாயிற்று. எட்டு வாரம் தலைப்புக்குப் போதாதுதான். ஆனால் பெண்ணின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக நினைப்பவனைக் கேட்டுப் பாருங்கள், எட்டு வாரத்தின் விலையைச் சொல்வான்.

பத்திரிகாசிரியர்களை நான் கேட்பது மூன்றே வரி. எலியிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம்? அனுமதி கிடைத்ததா, இன்னும் சோதனைதானா? இந்த மூன்று வரியால் தலைப்பு கெட்டுப்போகுமானால், அது கெட வேண்டிய தலைப்பு.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "எப்போது வரும் என்று தெரியாத துகளுக்காகத் தெரிந்த தேதியைத் தள்ளாதீர்கள். சந்தேகமிருந்தால் இந்தத் துணுக்கையே டாக்டரிடம் நீட்டிக் கேளுங்கள்" என்றேன். அவர் தலையாட்டினார். துணுக்கை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"போய்விடுகிறேன். ஆனால், நேற்று ராத்திரி இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேனே! சிரித்துக்கொண்டே தூங்கினாள். இப்போது போய் என்ன சொல்ல?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தலைப்பை எழுதியவர்.