காசு குடுத்தும் எங்கட இல்லாத கேம்

பாவித்த கேம் சீடி ஒண்டை வாங்கி, இன்ஸ்டோல் பண்ண ஏலாமல் முழிக்கிற பொடியனுக்கு எல்லாரும் சொல்லுற ஒரு வசனம் இருக்கு: "பார்த்து வாங்கியிருக்கலாம்தானே?" இந்த வசனத்தோடதான் எனக்குச் சண்டை.

எதைப் பார்க்கிறது? சீடியில் கீறல் இல்லை. பெட்டியில் சீரியல் இலக்கம் இருக்கு. கொம்பியூட்டருக்கும் போதிய வலு இருக்கு. எல்லாம் சரி, கேம் மட்டும் ஓடாது. ஏனெண்டால் பிழை சீடியில் இல்லை. திருப்பி விக்க ஏலாதபடி வேணுமெண்டே போட்ட பூட்டில்தான் இருக்கு.

2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தது. கடையில் பெட்டியாக வாங்கினாலும் இணையத்தில் ஸ்டீம் கணக்கோடு இணைத்தால்தான் விளையாடலாம். ஒருக்கா ஒரு கணக்கில் ஏறின இலக்கம் இன்னொருத்தருக்கு வேலை செய்யாது. சீடி கை மாறும், கேம் மாறாது. 2008இல் ஸ்போர் வந்தபோது ஒரு பிரதியை மூன்று தரம்தான் அக்டிவேட் பண்ணலாம் எண்டார்கள். சனம் கொதித்தெழுந்த பிறகு அது ஐந்தானது. முதலாவது ஆள் எத்தனை தரம் பாவித்தார் எண்டு பெட்டியைப் பிரட்டிப் பார்த்தால் தெரியுமோ?

பழைய கேம்களின் கதை வேறை. சேஃப்டிஸ்க் எண்ட பூட்டுக்கு விண்டோஸ் உள்ளே ஒரு ட்ரைவர் தேவை. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அது இல்லை. அதே வருடம் செப்டெம்பரில் ஒரு பாதுகாப்பு அப்டேட் விண்டோஸ் 7, 8இலும் அதை நிறுத்தியது. அந்த ட்ரைவரில் ஓட்டை இருந்தது, அதனால் நிறுத்தியது நியாயம்தான். ஆனால் திறப்பை எறிந்தவர்கள் பூட்டைக் கழட்டாமல் விட்டார்களே, அதுக்கு ஆர் பொறுப்பு?

பூட்டுப் போட்டவர்களே சில நேரம் உள்ளுக்குள்ள மாட்டுப்பட்டிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் ஜிடிஏ 4 ஸ்டீமில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அது தங்கியிருந்த 'கேம்ஸ் ஃபோர் விண்டோஸ் லைவ்' சேவையை மைக்ரோசொஃப்ட் கைவிட்டிருந்ததால், விக்கிறதுக்குப் புது இலக்கங்கள் உருவாக்க ஏலாமல் போச்சுது.

"களவுக் கொப்பியைத் தடுக்க வேண்டாமோ?" எண்டு கேட்பீங்கள். தடுத்ததோ? ஸ்போரின் உடைச்ச கொப்பி, கேம் கடைக்கு வர முதலே இணையத்தில் சுத்தத் தொடங்கிவிட்டது. அதை இறக்கினவனுக்கு அக்டிவேஷன் கணக்கும் இல்லை, கரைச்சலும் இல்லை. மாட்டினது காசு குடுத்தவன்தான். பாவித்த பொருள் வாங்குறது களவும் இல்லை. முதல் ஆள் முழுக்காசும் கட்டிட்டார். பாவித்த சைக்கிளையும் புத்தகத்தையும் நாங்கள் வாங்குறதில்லையோ?

இந்தப் பூட்டு இல்லாட்டிக் கேம் தொழிலே படுத்திடும் எண்டதும் பொய். பிளேஸ்டேஷன் 4 சீடி இண்டைக்கும் கை மாறுது. 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன்னில் பாவித்த கேம்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, ஜூன் மாதத்திலேயே பின்வாங்கினார்கள். ஆக, இது ஆக்கள் எடுக்கிற முடிவு. சத்தம் போட்டால் மாறும்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? 60 டொலர் கேம் ஒண்டு 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 12,000 ரூபாய். ரூபாய் விழுந்த பிறகு அதே வருட நடுப்பகுதியில் 21,000ஐத் தாண்டிவிட்டது. இந்த விலையில் புதுசு வாங்க ஏலாதவனுக்கு நேர்மையான வழி பாவித்தது ஒண்டுதான். அதையும் அடைத்துப்போட்டு "களவெடுக்காதே" எண்டு புத்தி சொல்லுறது என்ன நியாயம்?

அதுவரைக்கும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெட்டியில் ஸ்டீம் கணக்கோ இணைய அக்டிவேஷனோ தேவை எண்டு எழுதியிருந்தால், இலக்கம் பாவிக்கப்படாதது எண்டு உறுதியாகத் தெரிந்தால் ஒழிய வாங்காதீங்கோ. ஆற்றையும் ஸ்டீம் கணக்கை வாங்கவே வேண்டாம். கணக்கு விக்கிறது விதிக்கு மாறு, விற்றவரே அதைத் திருப்பி எடுக்கவும் வழி இருக்கு. பழைய கேம் வேணுமெண்டால் ஜிஓஜி போன்ற இடத்தில் பூட்டில்லாத பதிப்பு, புது விண்டோஸில் ஓடக்கூடியதாக, மலிவாக இருக்குதோ எண்டு முதலில் பாருங்கோ. அதைத் திருப்பி விக்க ஏலாதுதான். ஆனால் இன்ஸ்டோலரை இறக்கி வைத்தால் ஒரு சேர்வரையும் கெஞ்சத் தேவையில்லை.

நிறுவனங்களிட்டக் கேக்க வேண்டியது இரண்டு. விக்கும்போதே "இது உனக்குச் சொந்தமில்லை, அனுமதி மட்டும்தான்" எண்டு சொல்லுங்கோ. கலிபோர்னியாவில் 2024இல் போட்ட சட்டம் டிஜிட்டல் விற்பனையில் அதைத்தான் கேக்குது. ஆதரவை நிறுத்தும்போது பூட்டைக் கழட்டிவிட்டுப் போங்கோ.

இங்க பாவித்த கேம் விக்கிற எங்கட ஆக்களுக்கும் ஒண்டு: இலக்கம் ஏற்கெனவே ஏறினது எண்டு தெரிஞ்சால், விளம்பரத்திலேயே அதை எழுதுங்கோ. தெரிஞ்சுகொண்டு மறைக்கிறவனுக்கும் அந்த நிறுவனத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.