சுவரில் ஓர் ஓட்டை

சிங்கப்பூர் போய் வந்த மாமா, மச்சான் யாரைக் கேட்டாலும் முதல் வரி ஒன்றுதான்: ‘தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்ப்பா!’

சாப்பிடுங்கள். மிச்சத்தை எங்கே கொட்டுவீர்கள்?

அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் அதற்கென்றே சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய வீடுகளில் அடுக்களைக்குள்ளேயே. புதியவற்றில் மாடிக்கு ஒன்று, பொதுவாக. மூடியைத் திறந்து பையைத் தள்ளினால் ‘தொப்’. பிரிக்க வேண்டாம், சேர்த்து வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே என்ற கூச்சமும் வேண்டாம். ஒரு பை போட்டாலும் ஒன்பது பை போட்டாலும் மாதக் கட்டணம் ஒன்றே. பி.காம் படித்தவனுக்கு இது உறுத்துமா, உறுத்தாதா? கூடுதலாகக் காசு கேட்காத விஷயத்தில் எவன் சிக்கனமாக இருப்பான்?

தைபே நகரம் 2000-லேயே விழித்துக்கொண்டது. பிரித்துக் கொடுத்தது போக மிச்சக் குப்பையை, நகராட்சிப் பையைக் காசு கொடுத்து வாங்கி அதில் கட்டினால்தான் அங்கே லாரியில் ஏறும். சிங்கப்பூரிலோ வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 2023-ல் வெறும் 12 சதவிகிதம்!

‘தொப்’புக்கு அப்புறம்? எரிக்கிறார்கள். சாம்பல் கடல் வழியே செமாக்காவ் தீவுக்குப் போகிறது. கடலை வளைத்துக் கட்டி, 1999-ல் திறந்த குப்பைக் கிடங்கு அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கமே சொல்லும் கணக்கு.

கார் வாங்குவதற்கே ஏலத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வைக்கிற அரசாங்கம், தெருவில் சிகரெட் துண்டைப் போட்டால் அபராதம் தீட்டுகிற அரசாங்கம், இந்த ஓட்டைக்கு முன்னால் மட்டும் ஏன் சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது?