உம்மாவுக்கு எத்தனை புள்ளி?

இரும்புக்கை மாயாவிக்கு ஒரு பலவீனம் உண்டு. மின்சாரம் பாய்ந்தால்தான் அவன் உடல் மறையும். மறைந்த பிறகும் அந்த உலோகக் கை மட்டும் அந்தரத்தில் தெரிந்துகொண்டிருக்கும். 1962இல் பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் ஆய்வுகூட உதவியாளனாகப் பிறந்தவனை, 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே தமிழுக்குக் கொண்டுவந்தது. யுத்த காலத்தில், வடக்கில் கரண்ட் இல்லாத வருடங்களில் அவன் மன்னார்ப் பக்கம் வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? மண்ணெண்ணெய்க்கு எங்களோடு வரிசையில் நின்றிருப்பான். இப்போது வந்தால் பஞ்சமில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். ஆனால் புதிய காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் தெருவில் நின்ற சனம், 'தம்பி, நீ யார் பக்கம்?' என்று அவனைக் கேட்காமல் விடாது.

இப்படியெல்லாம் யோசிக்க வைத்தவர்கள் மன்னார்த் தாராபுரத்துப் பொடியன்கள். லீவு நாட்களில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் மதிலில் ஏறுகிறேன்' என்று வாயால் சொன்னால் போதும், ஏறினானா விழுந்தானா என்பதைப் பகடை சொல்லிவிடும். போனில் இறக்கிய விதிப்புத்தகம், போட்டோக்கொப்பி எடுத்த தாள், ஒரு பென்சில். செலவு அவ்வளவுதான். சச்சரவு பாத்திரம் பிரிக்கும்போது தொடங்குகிறது. எல்லோருக்கும் பறக்க வேண்டும். சாதாரண மனிதன் என்ற பாத்திரம் பிந்தி வந்தவன் தலையில் கட்டப்படுகிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மூத்தவர்கள் கேட்டு வளர்ந்த படைப்போர்களிலும் கிஸ்ஸாக்களிலும் ஒரு வாள்வீச்சில் எத்தனை தலை சாய்ந்தது என்று கணக்கு வரும். சாய்ந்த தலைக்குப் பெயர் வராது. மன்னார் நாட்டுக்கூத்திலும் விடிய விடிய ராசாக்கள்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்த 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' தலைப்பிலேயே சக்கரவர்த்தியை வைத்திருக்கிறது. பகலில் வலை இழுக்கிறவருக்கு இரவில் ஒரு கிரீடம் வேண்டியிருக்கிறது. நியாயமான ஆசை.

விதிப்புத்தகங்களை விரித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறுத்தியது. 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டில் சக்திகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். இன்னும் புள்ளி வேண்டுமென்றால் உங்கள் நாயகனுக்குச் சில குறைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். கண் தெரியாது என்பது ஒரு குறை. எதிரி துரத்துகிறான் என்பது ஒரு குறை. வீட்டில் அவனை நம்பி ஓர் உம்மா இருக்கிறா என்பதும் அதே பட்டியலில் ஒரு குறை. அவ எவ்வளவுக்கு ஏலாதவவோ அவ்வளவுக்குப் புள்ளி கூடும். இந்தத் தடவை அவ ஆபத்தில் மாட்டுவாவா என்று பார்க்க மூன்று பகடை உருட்ட வேண்டும். ஆக, உம்மாவைக் காட்டி இரும்புத் தோல் வாங்கலாம்.

1984இன் மார்வெல் விளையாட்டு கொஞ்சம் மனச்சாட்சியோடு செய்யப்பட்டது. நாயகன் ஒருவரைக் கொன்றால் அதுவரை சேர்த்த 'கர்மா' முழுவதும் பூச்சியமாகிவிடும். வீட்டாருக்குக் கொடுத்த வாக்கைத் தவறவிட்டாலும் குறையும். 1979இன் 'வில்லன்ஸ் அன்ட் விஜிலன்டீஸ்' ஆட்டத்தில் விளையாடுபவர் தன்னையே பாத்திரமாக்க வேண்டும். தன் பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு என்று கூட்டாளிகளோடு பேசி முடிவெடுத்து, அதன் மேல்தான் சக்தி. சிநேகிதம் முறியாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதே பெரிய சக்திதான்! எங்களுக்குப் பிடித்த கணக்கு வேறொன்று. எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் நண்பர்களும் 'சூப்பர்வேர்ல்ட்' விளையாட்டில் மூழ்கிக் கிடந்து, அதிலிருந்து 1987இல் 'வைல்ட் கார்ட்ஸ்' கதைத் தொகுப்பைத் தொடங்கினார்கள். அதில் ஒரு கிருமி பரவும். வெளிப்பட்டால் 100இல் 90 பேர் சாவார்கள், 9 பேர் உருக்குலைவார்கள், ஒருவருக்குத்தான் சக்தி. அந்த ஒருவரின் கதைக்குப் பக்கத்தில் மற்ற 99 பேரையும் மறக்காமல் வைத்திருக்கும் உலகம் அது.

சாதாரண மனிதனே உண்மையான நாயகன் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். அது பொய். பெரும்பாலான இடங்களில் அவனால் ஒன்றும் செய்ய ஏலாது. ஆனாலும் எதையாவது தெரிவு செய்தே ஆக வேண்டும். சாதாரணனை ஆடும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கிறது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1990 ஒக்டோபர் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். மொத்தமாக 70,000க்கு மேற்பட்டவர்கள். மன்னார்த் தீவுச் சனம் கடற்கரைக்கு வந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனது. என்ன கொண்டுபோகலாம் என்பதற்கும் கட்டளை இருந்தது. இதை மேசையில் வைத்தால், பாத்திரத் தாளில் பலம், வேகம் என்ற பெட்டிகளுக்கு வேலையில்லை. வீட்டுத் திறப்பு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், தையல் மெஷின், நடக்க ஏலாத வாப்பும்மா, பால்குடிப் பிள்ளை, வளவில் கட்டியிருக்கும் ஆடு: இவைதான் தாளில் வர வேண்டும். ஆட்டை அவிழ்த்து விடுகிறீர்களா? திறப்பைக் கையில் எடுக்கிறீர்களா, பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவிடம் கொடுக்கிறீர்களா? வள்ளத்தில் ஓர் ஆள் கூடிவிட்டால் இறங்குவது யார்? ஒவ்வொன்றையும் தீர்க்க அரை மணித்தியாலம் பிடிக்கும். பகடை ஒரு தரமும் உருளாது.

அந்த வள்ளங்களில் போனவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், இதை விளையாட்டாக்குவதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெற்றி தோல்வி எழுதிய விதிகள் இதற்கு ஆகாது. போய் வந்தவர் ஒருவர் மேசையருகே இருந்தால் அவர் சொன்னதுதான் விதி. போதும் என்றால் நிறுத்திவிட வேண்டும். துவக்கு வைத்திருப்பவனாக ஆட ஒருவரும் தேவையில்லை. அவன் கதை நடத்துபவரின் வாயில் ஒரு கட்டளையாக வந்தால் போதும். உம்மாவையும் யாராவது ஆட வேண்டும், புள்ளிக்காக அல்லாமல்.

அடுத்த இதழோடு ஒரு பாத்திரத் தாளை இணைக்கிறோம். ஒரு பக்கம்தான். பெயர், வயது, யார் யார் உங்கள் பொறுப்பில், பையில் என்ன. கீழே 'சக்தி' என்று சின்னதாக ஒரு பெட்டியும் விட்டிருக்கிறோம். பொடியன்கள் விடாப்பிடியாகக் கேட்டார்கள்.