பழைய கணினிக்குப் புதிய விளையாட்டு

கோடை விடுமுறையில் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும்போது, கோயில் மண்டபத்துக் கல்தரையில் யாரோ என்றோ கீறிவைத்த ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். "எங்கள் காலத்து விளையாட்டுக்கு ஈடேது?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டும் இருப்பீர்கள். கணினி விளையாட்டுக்கும் இப்போது அப்படியோர் 'எங்கள் காலம்' வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வீட்டுக் கணினிகளில் இயங்கும் வகையில் புதிய விளையாட்டுகளை எழுதுவோர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவை பழைய விளையாட்டுகளைப் போலவே கடினமாக இருத்தல் வேண்டுமா?

இவ்வினா என் நண்பர் வீட்டில் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து குடியேறி, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் பணிபுரிபவர் அவர். ஓணம் விடுமுறையில் ஒரு நாள், பழைய ஸ்பெக்ட்ரம் கணினிக்கென அண்மையில் எழுதப்பட்ட விளையாட்டு ஒன்றைத் தம் மடிக்கணினியில் இயக்கி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் கொடுத்தார். நான்காம் அறையில் அவளுடைய வீரன் முள்ளில் விழுந்தான். ஆட்டம் முதல் அறைக்குத் திரும்பியது. ஐந்து முறை இவ்வாறே நிகழ்ந்தது. ஆறாம் முறை அவள் எழுந்து சென்றுவிட்டாள்.

"இக்காலப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்றார் நண்பர். நான் அதற்கு உடன்படவில்லை. நிறக் கட்டையைத் திருப்பித் திருப்பி மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவள் அவள்.

பழைய விளையாட்டுகள் கடினமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1982ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கணினியின் நினைவகம், பெரிய வகையிலும் 48 கிலோபைட்டுதான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது. விளையாட்டை ஒலிநாடாவிலிருந்து ஏற்றப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை கீச்சொலியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1983இல் வந்த 'மேனிக் மைனர்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டில் இருப்பவை இருபது குகைகளே. அதை எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது பதின்வயது இளைஞர். ஆடுபவருக்கு முதலில் மூன்று உயிர்கள் உண்டு. அவை தீர்ந்தால் மீண்டும் முதற்குகைதான். எட்டிய இடத்தைச் சேமித்துவைக்க வழியில்லை. இருபது குகைகளைக் கொண்டு ஒரு சிறுவனை மாதக்கணக்கில் ஆடவைக்க வேண்டுமல்லவா? சிறு குளத்தில் ஒருவனை நெடுநேரம் நீந்தவைக்க அவர்கள் கண்ட வழி, அவனை மீண்டும் மீண்டும் கரைக்குத் துரத்துவதே.

இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு வந்த 'ஜெட் செட் வில்லி'யை முதலில் எவராலும் முறைப்படி முடிக்க இயலவில்லை. நிரலில் இருந்த பிழைகளே அதற்குக் காரணம். வெளியிட்டவர்களோ, சில அறைகளில் நச்சுக்காற்று நிரம்பியிருப்பதாகவும் அது விளையாட்டின் பகுதியே என்றும் முதலில் கூறினர். திருத்தம் பின்னரே வந்தது. பிழையே கடினம் என்று பெயர் சூட்டிக்கொண்டு நடமாடிய காலம் அது!

இந்தியாவில் பெரும்பாலான பிள்ளைகள் கணினியை வீட்டில் கண்டதில்லை. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியே நடுவண் அரசு சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளை வழங்கியது. ஒரு கணினிக்குப் பலர் காத்திருக்கும் இடத்தில், ஒருவரது ஆட்டம் விரைவில் முடிவது ஒருவகையில் நீதியே. இன்று அந்த வரிசை இல்லை. நினைவகப் பஞ்சமும் இல்லை. நண்பரின் நினைவில் தங்கியிருப்பது அவர் வென்ற மாலைப்பொழுது. வெறுத்துப்போய்ப் பாதியில் நிறுத்திய விளையாட்டுகள் எத்தனை என்று கேட்டேன். சற்று நேரம் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

கடினமே கூடாது என்பது என் கருத்தன்று. ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு, எந்த நகர்த்தலில் தவறினோம் என்பது விளங்கும். அடுத்த ஆட்டத்தில் அவர் திருந்துவார். பரமபதத்தில் பாம்பின் வாயில் விழுந்தவர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. தாயக்கட்டை அப்படி விழுந்தது, அவ்வளவே. முள்ளைத் தாண்டும் நுணுக்கம் முதல்வகைக் கடினம். அதனை ஒருமுறை தவறவிட்டதற்காக, ஏற்கெனவே கடந்த மூன்று அறைகளையும் மீண்டும் கடக்கச் செய்வது கடினமாகாது; வெறும் தண்டனை. புதிய விளையாட்டை எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதுவது எனக்கு வியப்பளிக்கிறது.

வேறு வழி கண்டோரும் உளர். கமடோர் 64 கணினிக்காக 2017இல் வெளிவந்த 'சாம்ஸ் ஜர்னி', எட்டிய இடத்தைச் சேமிக்க இடமளிக்கிறது. தாவலும் குதித்தலும் எளிதாகிவிடவில்லை. 2024இல் பழைய வடிவிலேயே மீண்டும் விற்பனைக்கு வந்த ஸ்பெக்ட்ரத்திலோ, ஆட்டத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டும் வசதியே உள்ளது. அது எனக்கு உவப்பானதன்று. விழுந்தவுடன் காலத்தைத் திருப்பிக்கொள்ளலாம் எனில், தாவுமுன் நெஞ்சு படபடப்பதேன்? ஆயினும் அவ்வசதி இல்லாவிடில் பழைய விளையாட்டுகளை முதற்குகையோடு கைவிடுவோர் பலர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தையின் ஏக்கம் மகளுக்கு இருக்க முடியாது; அவளுக்கு அது முதன்முறை. ஊர்க் குளத்தைப் பற்றி நம் பெற்றோர் உருகிப் பேசும்போது, அக்குளத்தை நாம் ஒருமுறையேனும் கண்டிருக்க வேண்டுமல்லவா?

கேரள அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் இயங்குகின்றன. நண்பரின் மகளும் அதில் உறுப்பினர். அங்குக் கற்ற ஸ்கிராட்ச் மொழியில், பூசை விடுமுறையின்போது அவளே ஒரு சிறு விளையாட்டை எழுதினாள். அதில் ஆறு அறைகள். மூன்றாம் அறையின் முள்ளில் தந்தை ஒன்பது முறை விழுந்தார். அதை எடுத்துவிடும்படி மகளிடம் வேண்டினார். அவள் இசையவில்லை. முதல் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வீரன் மூன்றாம் அறையின் வாயிலிலேயே எழுந்து நிற்கும்படி ஒரு வரியை மாற்றிவிட்டு, "இப்போது ஆடுங்கள், அப்பா" என்றாள். பத்தாம் முறையும் அவர் விழுந்தார். பின்னர் இரவுணவுக்கு அழைத்தும் எழுந்து வரவில்லை.