துருப்பிடித்த பழங்கார்: பட்டறைக்கா, காயலான் கடைக்கா?

புது தில்லி:

குளிர்காலம் விடைபெறும் நாள்களில் தலைநகரில் பழங்கார்களின் அணிவகுப்பு நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். 1964-ஆம் ஆண்டு தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிவைத்த பேரணி இவற்றுள் மூத்தது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடும். விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்ற கேள்விகள் தவறாமல் எழும். பட்டறைக்குள் நுழைந்த நாளில் அந்த வண்டி எப்படி இருந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே.

அப்படியொரு கேள்வியை எதிர்கொள்ளும் குடும்பங்கள் நாட்டில் பல உண்டு. தாத்தா வாங்கிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கொட்டகையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். சக்கரங்கள் மண்ணில் பாதி புதைந்திருக்கும். கதவைத் திறந்தால் தளத்தின் வழியே தரை தெரியும். இதைச் சீரமைப்பதா, காயலான் கடைக்கு எடைபோட்டு விற்பதா என்பதை ஒரு காலத்தில் ஆசையும் கையிருப்பும் மட்டுமே தீர்மானித்தன. இன்று சட்டமும் அந்தப் பஞ்சாயத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு சீரமைத்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியுமா என்பதே இப்போது முதல் கேள்வி.

துருவிலும் தரம் உண்டு. மேற்பரப்பில் படிந்த செந்நிறத் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். தகட்டை ஊடுருவி ஓட்டை போட்ட துரு வேறு ரகம். பளபளப்பான பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசி மறைக்கப்பட்ட துருவோ எல்லாவற்றிலும் மோசமானது. சிறு காந்தம் ஒன்று போதும்: அது ஒட்டாத இடத்தில் எஃகு இல்லை, பட்டிதான் இருக்கிறது. திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். எஞ்சின் இறுகிப்போயிருப்பதைக் கண்டு அஞ்சுவோர் அதிகம். ஆனால் எஞ்சின் வேலைக்கு ஏறக்குறைய ஒரு கணக்குப் போட்டுவிடலாம். தகடு வேலைக்கு அப்படிப் போட முடியாது. ஓரிடத்தில் வெட்டினால் அடுத்த இடத்திலும் அழுகல் தெரியும். டிங்கரிங் கூலி மாதக்கணக்கில் ஏறும். சீரமைப்பைத் தொடங்கி நடுவழியில் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் சிக்கியது இந்த இடத்தில்தான் எனலாம்.

துரு எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். 1949 முதல் 1953 வரை தயாரான பிரிட்டனின் எம்.ஜி. டி.டி. ரக காரை எடுத்துக்கொள்ளலாம். ஏணி போன்ற தனிச் சேஸிஸின் மீது மரச்சட்டம் அமைத்து, அதன் மேல் தகடு போர்த்திய வண்டி அது. அதில் துருவுக்கு இணையான எதிரி உளுத்துப்போன மரம்; கரையான் ஏறிய கொட்டகையில் கிடந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஆயினும் சேஸிஸ் உறுதியாக இருந்தால் மரத்தைப் புதிதாகச் செதுக்கிப் பொருத்திவிட முடியும். 1962-இல் வந்த எம்.ஜி.பி.யில் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு அழுகிவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

இந்தியருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும், பிரிட்டனில் 1962-இல் வெளியான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கியே ஸ்பிட்ஃபயர் உருவானது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. ஆனால் குறுக்கும்போது பக்கவாட்டுச் சட்டங்கள் நீக்கப்பட்டதால், ஸ்பிட்ஃபயரில் கதவுக்கடித் தகடும் பளுவைச் சுமக்கிறது. ஒரே பரம்பரை என்றாலும், ஒன்றில் தாங்கிக்கொள்ளக்கூடிய துரு மற்றொன்றில் முதுகெலும்பையே முறித்துவிடும்.

உதிரிப் பாகங்களின் கதையும் சுவையானது. 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நடையைக் கட்டின. அதன் பிறகு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்களுக்குக் கை கொடுத்தது அம்பாசிடர்தான். 1955 முதல் 1959 வரை வந்த எம்.ஜி.ஏ. 1500 காரின் 1,489 சி.சி. எஞ்சினும், அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1,489 சி.சி. எஞ்சினும் ஒரே பி.எம்.சி. குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே கஷ்மீரி கேட் கடைத்தெருவிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ தேடினால் எஞ்சினின் உள்பாகங்கள் சில அகப்படலாம். இந்த வசதியே பின்னாளில் வினையாகவும் முடிந்தது. தேவைக்கேற்ப அம்பாசிடர் எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ தூக்கி வைத்த வண்டிகள், இன்று அசல் தன்மை பற்றிய சோதனையில் தடுமாறுகின்றன.

அந்தச் சோதனை 2021 ஜூலையில் வந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், நிதின் கட்கரி அமைச்சராக இருக்கையில், பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. வயது வரம்புக்கு விலக்கு அளிக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. நாடாளுமன்றம் நிறைவேற்றிய 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, வாகனங்களுக்கு வயது வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கும்போதே, கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் பேரணி ஆகியவற்றுக்கான வண்டிகளுக்கு விலக்கு அளிக்கவும் வழி செய்திருந்தது. வரைந்தவர் பழங்கார் பிரியராக இருந்திருக்க வேண்டும். எனினும் பதிவுக்கான முழுமையான விதிகள் உருவாக 33 ஆண்டுகள் பிடித்தன.

இவ்விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் தகுதி பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000. ஏற்கெனவே எண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். பழைய பதிவுச் சான்று, காப்பீடு, வெளிநாட்டிலிருந்து வந்ததாயின் இறக்குமதி ஆவணம் ஆகியவை வேண்டும். விண்ணப்பத்தின் மீது 60 நாள்களுக்குள் சான்று வழங்கப்பட வேண்டும். ஆனால் அன்றாடப் பயணத்துக்கோ வணிக நோக்கத்துக்கோ வண்டியை ஓட்டக் கூடாது.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யும் அளவிலான பெரும் சீரமைப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. கொட்டகைக் காரின் உரிமையாளர் இங்கே திகைத்து நிற்கிறார். தளமே இல்லாத வண்டிக்கு அதே கனத்தில், அதே வடிவில் புதுத் தகடு அடித்துப் பொருத்தினால் அது பழுதுபார்ப்பா, மாற்றமா? நியாயமாகப் பார்த்தால் பழுதுபார்ப்பு என்றே கொள்ள வேண்டும். இருந்ததை இருந்தபடி மீட்பது மாற்றம் ஆகாது. ஆனால் அதை அவ்வாறு படிப்பதும் படிக்காததும் பதிவு அதிகாரியின் கையில் இருக்கிறது. வாகனத்தின் அமைப்பைத் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்ததையும் அதிகாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பதும், கழற்றிய பழைய தகடுகளை எறியாமல் காப்பதும், பட்டறை ரசீதுகளைச் சேர்ப்பதும் வெறும் பொழுதுபோக்கன்று. நாளைய விசாரணைக்கான சாட்சியங்கள். சேஸிஸ் எண் பொறித்த பகுதி அழுகிப்போயிருந்தால் தொடக்கத்திலேயே எச்சரிக்கையாக இருப்பது நலம். எண்ணும் இல்லை, பதிவுச் சான்றும் இல்லை என்றால், எத்தனை அழகாகச் சீரமைத்தாலும் அது வரவேற்பறைப் பொருளாகவே நிற்க நேரிடும்.

பணத்தின் கணக்கு எதிர்பாராத பக்கம் சாய்கிறது. 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் ரூ. 600-லிருந்து ரூ. 5,000 ஆயிற்று, இறக்குமதி காருக்கு ரூ. 40,000. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு இவை முறையே ரூ. 10,000, ரூ. 80,000 என இரட்டிப்பாயின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதைக் கட்ட வேண்டும். பழைய எம்.ஜி. ஒன்றுக்கு இவ்வழியில் செல்வதைவிட 'பழம்பெரும் வாகனம்' என்ற பதிவு மலிவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓர் உலா போகும் உரிமையை அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி ஓட்டுவதற்கா, காட்டுவதற்கா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாதவர் பிறகு இரு வழியிலும் இடறுவார்.

தலைநகர் வட்டாரத்தில் நிலைமை இன்னும் கடினம். 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்குத் தில்லியில் எரிபொருள் தரக் கூடாது என்ற உத்தரவு இரண்டொரு நாளில் எழுந்த எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-ம் அதற்குப் பிந்தைய தரமும் கொண்ட வண்டிகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. சீரமைக்கப்படும் எந்தப் பழங்காரும் இந்த வரையறைக்குள் வராது என்பது குறிப்பிடத்தக்கது.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே 35 ஆண்டுகள். இந்த இடைவெளியில் பிறந்த கார்களுக்குத் தலைநகரில் பெயரும் இல்லை, இடமும் இல்லை. உலகப் பழவாகனக் கூட்டமைப்பான ஃபிவா 30 ஆண்டுகளையே வரம்பாகக் கொள்கிறது. இந்தியாவும் அதை ஏற்கலாமே என்ற வாதம் கவர்ச்சியானது. ஆனால் 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய மாருதி 800 கார்களில் முதற்கட்டத்தவை எல்லாம் அந்தக் கணக்கில் பாரம்பரியச் சின்னங்கள் ஆகிவிடும். புகை கக்கும் வண்டிகளுக்கு அது கொல்லைப்புற வழியாகவும் மாறக்கூடும். எண்ணிக்கையும் ஓடும் தூரமும் கட்டுப்படுத்தப்பட்டால் ஒழிய, அரசு இதற்கு இசையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆண்டுக்குச் சில நூறு கிலோ மீட்டர் ஓடும் ஒரு வண்டியால் தில்லியின் காற்று கெட்டுவிடாது என்பதும் உண்மைதான்.

ஆக, 1976-இல் பதிவான கார் 2026-இல் ஐம்பதைக் கடக்கிறது. சேஸிஸும் ஆவணமும் சரியாக இருந்தால் பட்டறைக்கு அனுப்பலாம். 1982-இல் பதிவானது 2032 வரை காத்திருக்க வேண்டும். அதன் உரிமையாளர் தில்லிவாசி என்றால், தடையில்லாச் சான்று பெற்று, வயது வரம்பு இல்லாத வேறொரு மாநிலத்தில் வண்டியைப் பதிவு செய்யலாம். இல்லையேல் துரு மேலும் பரவாமல் இருக்கத் தகட்டைச் சுரண்டிப் பிரைமர் அடித்து, ஈரம் ஏறாத இடத்தில் மரக்கட்டைகளின் மீது தூக்கி நிறுத்திவைக்கலாம். அதற்கு எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை.